வளையல் மீனுக்கு மஞ்சள்காமாலை

"மஞ்சள்காமாலைதான். சந்தேகமே வேண்டாம்" என்று தங்கையன் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை. மீன்தான் கேட்டது. கேட்டுவிட்டுக் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

காலையில் தீனி போடும்போதுதான் அவர் கவனித்தார். கருநீல உடம்பில் ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளை வளையங்கள் போட்டுக்கொண்டு ஜோராகத் திரிந்த மீன் அது. இன்றைக்குப் பார்த்தால் வால் மஞ்சள். முதுகில் மஞ்சள் தீற்றல். வளையங்களும் அங்கங்கே அறுந்து கோணிப்போயிருந்தன. சின்ன வயதில் தங்கையனுக்கே மஞ்சள்காமாலை வந்திருக்கிறது. முதலில் கண், பிறகு நகம், பிறகு உடம்பு. மீனுக்கு நகம் இல்லாததால் வாலில் தொடங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

வேறு மீனாக இருந்தால் போய்த்தொலையட்டும் என்று விட்டிருப்பார். இது பினு கொண்டுவந்த மீன்.

பினு அவருடைய ஒரே மகன். கோவளத்தில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய், இதோ இந்த மீன், அதோ அந்த மீன் என்று கையால் காட்டிக்கொடுக்கிற வேலை அவனுக்கு. பழவங்காடியில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்கிற தங்கையனுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

"மீன் பிடிக்கிறவன் உண்டு. விக்கிறவன் உண்டு. திங்கிறவன் உண்டு. மீன வேடிக்கை பாக்கியதுக்குச் சம்பளம் வாங்குதவன எனக்க வம்சத்துல நான் கண்டதில்ல" என்பார்.

அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை என்று சொல்லிவிட முடியாது. சண்டை போட வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். பினு மீன்கதையைத் தொடங்கினால் தங்கையன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவன் மீதிக் கதையை அடுக்களையில் அம்மாவிடம் சொல்வான். விழிஞ்ஞத்தில் யாருடைய வலையிலோ சிக்கியிருந்த இந்த மீனை அவன் வாங்கிவந்தபோது அது இரண்டு விரல் அகலந்தான் இருந்தது. அன்றைக்கும் தங்கையன் கடைச் சாவியை எடுத்தார்.

தினமும் கடலுக்குள் போன பிள்ளையைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில், வீட்டுக்கு வருகிற வழியில், பைபாஸ் ரோட்டில் ஒரு லாரி செய்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் மனைவி தங்கபாய் மீனோடு மட்டும் பேசுவாள். அதற்கு 'வளையல்' என்று பேர் வைத்தவளும் அவள்தான். "வளையலு சாப்பிட்டியா? வளையலு உறங்கினியா?" என்று அவள் கேட்பதைத் தங்கையன் படுக்கையறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். மனுஷரோடு பேசினால்தான் என்ன என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கேட்க அவருக்குப் பயம்.

அவளுக்குக் கண்ணில் புரை. ஆப்பரேஷன் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒரு சாயங்காலம் தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு எல்லாமே மஞ்சப் படிஞ்ச மாதிரித்தான் தெரியுது. எது மெய்யின்னே தெரியல்ல. கண்ணச் செய்திருவோம். இப்ப செய்யலேன்னா பின்ன செய்து பிரயோசனம் இல்ல."

தங்கையனுக்கு அழுகையே வந்துவிட்டது. மகனுடைய மீனைக் கண் நிறையப் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கத்தி வைக்க ஒத்துக்கொண்டாளே என்று நினைத்தார். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடைக்கும் வீட்டுக்குமாக அலைகிறவரை நம்பி விட முடியாதென்று, தங்கபாயின் தங்கை எலிசாள் அவளை நெய்யாற்றின்கரைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

இப்போது புதுக் கண்ணோடு வருகிறவள் முதலில் எதைப் பார்ப்பாள்? வளையலைப் பார்ப்பாள். அது மஞ்சள்காமாலையில் கிடந்தால்? செத்தே போயிருந்தால்?

பினுவின் சிநேகிதன் மஹேஷைக் கேட்கலாம். ஆனால் மஹேஷ் மாலத்தீவில் வேலைக்குப் போய்விட்டான். அதோடு, வாரந்தவறாமல் தங்கபாயைக் கூப்பிட்டு "அம்மே" என்று பேசுகிறவன். அவனிடம் சொன்னால் அவள் காதில் சொன்ன மாதிரி.

ஆகவே தங்கையன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினார். பின்பக்க மதிலோரம் கீழாநெல்லி முளைத்துக் கிடந்தது. பிடுங்கி, கழுவி, மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார். மனுஷனுக்கு ஒரு டம்ளர் என்றால் மீனுக்கு ஒரு ஸ்பூன் போதும். ஆனால் தண்ணீரில் கலந்து போய்விடுமே என்று ஒரு செம்பு ஊற்றினார்.

தொட்டி பச்சையாகிவிட்டது. மேலே நுரை பொங்கியது. காற்று விடுகிற மோட்டார் கொஞ்ச நேரம் கனைத்துவிட்டு நின்றது. மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"வளையல் எப்பிடி இருக்கு?" என்றாள் தங்கபாய்.

"சுகமா இருக்கு."

"எதாவது மாத்தம் தெரியுதா?"

"மாத்தமா? என்ன மாத்தம்? நீ போகும்ப எப்பிடி இருந்துதோ அப்பிடியே இருக்கு."

"கொஞ்சங்கூட இல்லியா?"

"கொஞ்சங்கூட இல்ல. சத்தியமா!"

"செரி" என்றாள் அவள். குரல் இறங்கிப்போயிருந்தது. ஒன்றும் சொல்லாமலே இவளுக்கு மனசில் பட்டுவிட்டது, தாய் மனசு என்றால் சும்மாவா என்று தங்கையன் நினைத்துக்கொண்டார்.

கடையைத் திறந்துபோட்டுவிட்டுக் கிழக்கேகோட்டைப் பக்கம் அலங்கார மீன் விற்கும் கோலப்பனிடம் ஓடினார். கோலப்பன் வடசேரிக்காரன். தெரியாது என்ற வார்த்தையை வாழ்நாளில் சொல்லாதவன்.

"கடல் மீனு கோலப்பா. ஒனக்கு அதுல பழக்கம் உண்டா?"

"கடல் மீனுக்கும் கொளத்து மீனுக்கும் என்ன பெரிய வித்தியாசம் அண்ணாச்சி? உப்புதானே! என்ன செய்யுது?"

"மஞ்சக்காமாலை."

கோலப்பன் சிரிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்தான்.

"ஈரல்ல சூடு. மருந்து எதாவது குடுத்தீங்களா?"

"கீழாநெல்லி."

"நல்ல மருந்துதான். ஆனா பத்தியம் இல்லாம குடுத்திருக்கீங்க. தண்ணி முழுசையும் எறச்சுட்டுப் புதுக் கடல் தண்ணி விடுங்க. நல்லா அலையடிக்கிற எடத்துல எடுக்கணும். அதுலதான் சத்து."

மூடியுள்ள கேன்களுக்கு அவர் கடையில் பஞ்சமில்லை. இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு சிஜியின் ஆட்டோவில் ஏறினார். சிஜி அவர் கடைக்கு எதிரே ஆட்டோ போடுகிறவள். யாருக்கும் பயப்படாதவள்.

"எங்கோட்டு அங்கிளே?"

"சங்குமுகம். கடல் தண்ணி எடுக்கணும்."

"கோயிலுக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் தங்கையன். அவள் கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

சத்துள்ள தண்ணீர் வேண்டுமென்று அவர் அலை உடைகிற இடமாகப் பார்த்துக் கேனைக் கவிழ்த்தார். முதல் அலை கேனைக் கொண்டுபோனது. இரண்டாவது அலை செருப்பைக் கொண்டுபோனது. மூன்றாவது அலை அவரையே கொண்டுபோகப் பார்த்தபோது சிஜி ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிளே, மரிக்கானாணோ வந்தது? சாகணுமா? வீட்டுல ஆண்டி இல்லியா?"

"அவளுக்கு வேண்டித்தான் மோளே" என்றார் தங்கையன், வாயில் போன மணலைத் துப்பிக்கொண்டு. அதற்குப் பிறகு கேனை அவளே நிறைத்தாள். திரும்பும் வழியில் ஒரு கேனின் மூடி கழன்று ஆட்டோவுக்குள் கடல் புகுந்தது.

வளையலை ஒரு வாளிக்கு மாற்றித் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, அதை மறுபடி உள்ளே விட்டார். மோட்டாரையும் மூச்சு விட வைத்தார். தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து வளையல் மெல்ல வெளியே வந்தது. தெளிந்த தண்ணீரில் அதன் மஞ்சள் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. விலாவிலும் இரண்டு மூன்று இடத்தில் புதிதாக மஞ்சள் கோடு கீறியிருந்தது.

மருந்தும் கேட்கவில்லை, பத்தியமும் கேட்கவில்லை என்றால் மனுஷன் வேறெங்கே போவான்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தங்கையன் பிரிஸில்லா டீச்சரிடம் போய் நின்றார். சபையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற குழுவுக்கு அந்த அம்மாள்தான் தலைவி. ஆட்டுக்கு ஜெபித்திருக்கிறார்கள், கோழிப்பண்ணைக்கு ஜெபித்திருக்கிறார்கள். ஆனால் மீன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"வீட்டுல ஒரு ஆளுக்குச் சொகமில்ல டீச்சர். மஞ்சக்காமாலை. கொஞ்சம் ஜெபத்துல நெனச்சுக்கிடணும்."

"யாருக்கு?"

"நம்ம... வேண்டப்பட்ட ஆளு."

டீச்சர் தலையை ஆட்டினார். அந்த மட்டோடு விட்டிருந்தால் கதை வேறு. மறுநாள் காலை வாசலில் பேச்சுச் சத்தம். டீச்சரும் இன்னும் சில சபையம்மாக்களும் ஆரஞ்சுப் பழமும் இளநீரும் பாட்டுப் புத்தகமுமாக வந்து நின்றார்கள்.

"ஆள் எங்க தங்கையன்?" என்றார் டீச்சர்.

தங்கையன் தொட்டியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். இளநீரைப் பார்த்தார். இத்தனை பேரை வரவழைத்துவிட்டு மீனைக் காட்டினால் இனி பழவங்காடியில் வாளி விற்க முடியாது.

"நான்தான் டீச்சர்" என்றார்.

"அப்பமே நெனச்சேன். நிக்காதீங்க, படுங்க!"

அவரைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தினார்கள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் கீழிமையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"ஆமா. நல்லாவே மஞ்ச தட்டியிருக்கு."

"நகத்தப் பாருங்க டீச்சர், அதுலயும் இருக்கு" என்றார் கூட வந்த ஒரு அம்மாள்.

நிஜமாகவே தனக்கும் வந்துவிட்டதோ என்று தங்கையன் தன் நகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். டீச்சர் அவர் தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார். முதலில் ஈரலுக்கு ஜெபித்தார். பிறகு ரத்தத்துக்கு ஜெபித்தார். தங்கையன் ஒற்றைக் கண்ணைத் திறந்து தொட்டிப் பக்கம் பார்த்து, கர்த்தாவே இதையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஏக மகன் பினுவப் பறிகொடுத்த இந்தக் குடும்பத்த நீர் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே" என்றார் டீச்சர்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பேர் அந்த வீட்டுக்குள் சத்தமாகக் கேட்டது. தங்கையன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, அடக்கமுடியாமல் விம்மி விம்மி அழுதார். மகன் செத்த அன்றைக்குக்கூட, வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதும் தண்ணீர் கொடுப்பதுமாக இருந்துவிட்ட மனுஷன் அவர்.

"ஆவியானவர் தொட்டுட்டாரு. இனி நோய் எறங்கும்" என்றார் டீச்சர் திருப்தியோடு.

போகிற போக்கில் அந்த நல்ல அம்மாள் இன்னொரு உதவியும் செய்தார். நெய்யாற்றின்கரைக்குப் போன் போட்டு, "தங்கபாய், பயப்படாண்டாம். உனக்க வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலைதான். ஜெபிச்சாச்சு" என்று சொல்லிவிட்டார்.

தங்கபாயின் போன் உடனே வந்தது.

"நாளைக்கு நானும் எலிசாளும் வாறோம்."

"நீ எதுக்கு வாற? கண்ணுல தூசி பட்டா என்ன ஆகும்? எனக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே!"

"நகம்வர மஞ்சன்னு டீச்சர் சொல்லுதா. ஒங்களையும் தூக்கிக் குடுத்துட்டு நான் என்ன செய்யட்டும்?" என்று அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "வளையல்ல மாத்தம் ஒண்ணும் இல்லியே?"

"இல்லவே இல்ல!"

"ம்" என்று வைத்துவிட்டாள்.

நாளைக்கு! தங்கையன் மீண்டும் கோலப்பனிடம் ஓடினார்.

"இனி ஒரே வழிதான் அண்ணாச்சி. ஆள மாத்திர வேண்டியதுதான். விழிஞ்ஞத்துல எனக்கு ஆளுண்டு. அதே நீலம், அதே வளையல். மதினிக்கு என்ன, கண்டா தெரியவா போவுது?"

தங்கையனுக்கு இதில் மனமில்லை. மகன் கொண்டுவந்ததற்குப் பதிலாக வேறொன்றை வைத்து அவளை ஏமாற்றுவதா என்று இருந்தது. ஆனால் மகன் போனதைப் பார்த்தவள், அவன் மீனும் போவதைப் பார்க்கவேண்டுமா? பொய்யே மேல் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் கோலப்பன் ஒரு பையில் கொண்டுவந்துவிட்டான். இரண்டு விரல் அகலம், கருநீலம், ஒரு கோணல் இல்லாத வெள்ளை வளையங்கள். பினு முதன்முதலில் கொண்டுவந்தது அச்சாக இப்படித்தான் இருந்தது. தங்கையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புதியதைத் தொட்டிக்குள் விட்டதுதான் தாமதம், வளையல் கல்லுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தது. மஞ்சள்காமாலைக்காரன் என்று சொல்ல முடியாத வேகம். சின்னதைத் தொட்டி முழுக்கத் துரத்தித் துரத்திக் கடித்தது.

"லேய், சும்மா கிடலேய்! சின்னப் பிள்ளைய அடிக்காத!" என்று தங்கையன் கண்ணாடியைத் தட்டினார். இரண்டில் ஒன்று வெளியே போகவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. ராத்திரிக்குச் சின்னதை மறுபடி அதன் பையிலேயே போட்டுவைத்தார்.

காலையில் கடையிலிருந்த நல்ல நீல வாளியாக ஒன்றை எடுத்து, வளையலைக் கோரி அதில் விட்டு மூடிவிட்டு, சின்னதைத் தொட்டிக்குள் விட்டார். கக்கூசில் கொட்டவோ குப்பையில் போடவோ அவரால் முடியாது. சாகப்போகிற ஜீவன் தன்னுடைய ஊரிலே போய்ச் சாகட்டும் என்று நினைத்தார்.

"இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரி அங்கிளே?" என்றாள் சிஜி.

"கோவளம். பினு வேல செய்த எடம்."

அவள் அதற்குப் பிறகு விளையாட்டுப் பேச்சுப் பேசவில்லை. பள்ளம் வருகிற இடமெல்லாம் வண்டியை மெதுவாக்கினாள். தங்கையன் வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

மழைக்காலம் முடிந்து கடல் அடங்கியிருந்தது. பினு வேலை பார்த்த கடை இன்னும் திறக்கவில்லை. இறக்கிவிட்டிருந்த ஷட்டரில் யாரோ மனம்போன போக்கில் வர்ணம் அடித்திருந்தார்கள். சிரிக்கிற ஆமை, நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு பெரிய மீன், தலைகீழாக நீந்தும் ஒரு வெள்ளைக்காரன். தங்கையன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மகன் இத்தனை வருஷம் வந்துபோன இடம். பழவங்காடியிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஒருநாளும் வந்ததில்லை.

"இங்கியா மக்கா நீ..." என்று தொடங்கியவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார்.

பாறைகளுக்கிடையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வாளியின் மூடியைத் திறந்தார். வளையல் ஒரு சுற்றுச் சுற்றி அவரைப் பார்த்தது. பார்த்தது போல் அவருக்கு இருந்தது.

"கோவிச்சுக்கிடாத மக்களே. மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தேன். எனக்கு ஒனக்க காரியம் ஒண்ணும் தெரியாது. அவன் சொல்ல வரும்பயெல்லாம் நான் எந்திச்சுப் போய்ட்டேன்" என்றார் தங்கையன். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. வாளியை மெல்லச் சரித்தார்.

மீன் வெளியே வந்து அவர் காலருகில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாறைப் பிளவுக்குள் போயிற்று. மஞ்சள் வால் மட்டும் ஒருமுறை வெயிலில் மின்னியது.

"நல்ல உஷாராயிட்டுப் போவுதல்லே அங்கிளே. தீனமுள்ள மீனு இப்படிப் போகுமா?" என்றாள் பாறைமேல் நின்ற சிஜி.

"சாகப்போறதுக்கு முன்ன கொஞ்சம் தெளிச்சல் வரும் மோளே. மனுசருக்கும் அப்பிடித்தான்" என்றார் தங்கையன்.

அவர் வீட்டுக்கு வந்து ஈரவேட்டி மாற்றுவதற்குள் வாசலில் எலிசாளின் குரல் கேட்டது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போகிறவள் எலிசாள். "அத்தான் எங்க? எழுந்து நடக்கியாரா? மஞ்சக்காமாலைக்கு நடக்கப்பிடாது!" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தங்கபாய்.

தங்கபாய் நேரே தொட்டிக்குப் போவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் நேரே அவரிடம் வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குள் பார்த்தாள்.

"எவ்வளவு நரைச்சுப் போச்சு ஒங்களுக்கு" என்றாள். "மஞ்ச ஒண்ணும் இல்லியே. அழுதியளா?"

"கடல் காத்து... இல்ல, கடையில தூசி."

"இத மொதல்ல குடிங்க" என்று எலிசாள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். கீழாநெல்லிச் சாறு. வளையலுக்குத் தான் கொடுத்ததை நினைத்துக்கொண்டு தங்கையன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் தங்கபாய் தொட்டிப் பக்கம் திரும்பினாள். கிட்டே போய்க் குனிந்தாள். சின்ன மீன் கல்லைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. நீலத்தில் பளிச்சென்று வெள்ளை வளையங்கள். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

அவள் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். வாலுக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்து மீனோடு கூடவே நகர்த்திப் பார்த்தாள்.

"சின்னதா இருக்கே" என்றாள்.

இந்தக் கேள்விக்கு அவர் ஆட்டோவிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தார். "புதுக் கண்ணுல்லா? புரை இருக்கும்ப எல்லாம் பெரிசாத் தெரியும். இப்பதான் சரியான அளவு தெரியுது."

"அப்பிடியா?"

"டாக்டரே சொன்னாரே."

தங்கபாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஈரம் காயாத அவருடைய காலைப் பார்த்தாள். மூலையில் கிடந்த நீல வாளியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் மீனைப் பார்த்தாள்.

"அப்பிடியேதான் இருக்கு" என்றாள் மெதுவாக. "நல்லாருக்கு."

கண்ணாடியை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். "முகங்கழுவிட்டு வாறேன்" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

தங்கையன் நாற்காலியில் விழுந்தார். தெய்வமே, அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண் நிறையப் பார்த்துவிட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக மகன் காரியம் ஒன்றை ஒழுங்காகச் செய்துமுடித்தோம் என்று அவருக்கு இருந்தது. உள்ளே குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

எலிசாள் தொட்டிக்கு முன்னால் போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மீனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னத்தான், இது இன்னும் மாறவே இல்லியே? வளந்து பெரிசாவும்ப இந்த வளையலெல்லாம் போயி, மேலெல்லாம் மஞ்சக்கோடு விழும்னு பினு சொல்லியிருந்தானாமே. அவன் சொன்னத ஒரு தடவ கண்ணால கண்டுரணும்னுதானே அக்கா இந்தக் கண்ண அறுக்கவே சம்மதிச்சா!"